ஸ்டூல் 60: ஆடாத முக்காலி, சாயும் முக்காலி

முக்காலி ஆடாது, ஆனால் சாயும். ஸ்டூல் 60-க்குக் கிடைக்கும் பாராட்டுகளில் பெரும்பாலும் முதல் பாதி மட்டுமே இருக்கும். இரண்டாம் பாதியையும் தெரிந்துகொண்டு வாங்கினால், இவ்வளவு குறைந்த மரத்தில் இவ்வளவு வேலை பார்க்கும் சாமான் இன்னொன்று கிடைப்பது அரிது.

பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1933-ல் வடிவமைத்தது இது. வட்டப் பலகை ஒன்று, வளைந்த கால் மூன்று, சில திருகுகள். மொத்தமும் அவ்வளவே. கால்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குக் கட்டை இல்லை. பலகைக்கு அடியில் சட்டமும் இல்லை. உயரம் 44 செ.மீ. பலகையின் விட்டம் ஏறத்தாழ 35 செ.மீ. காலின் வளைவு விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே வருவதால், கால்களோடு சேர்த்து அளந்தால் 38 செ.மீ. இந்த 3 செ.மீ. வித்தியாசம் சும்மா விட்டதல்ல; அடுக்கி வைப்பதைப் பேசும்போது அதற்கு வருவோம்.

1935-ல் ஆல்வார் ஆல்ட்டோ, அவர் மனைவி ஐனோ ஆல்ட்டோ, மைரே குல்லிக்சன், நில்ஸ் குஸ்தாவ் ஹால் ஆகிய நால்வரும் ஹெல்சிங்கியில் தொடங்கிய ஆர்டெக் நிறுவனம்தான் இதை இன்றும் விற்கிறது. 2013-ல் அந்த நிறுவனம் சுவிட்சர்லாந்தின் மரச்சாமான் நிறுவனமான விட்ராவின் கைக்கு மாறிய பிறகும் ஸ்டூலின் வடிவம் மாறவில்லை.

எல்லாம் அந்த வளைவில்தான்

மரம் நார் ஓடும் திசையில் பலசாலி. நாருக்குக் குறுக்கே சோப்ளாங்கி. ஒரு பலகையிலிருந்து ‘ட’ எழுத்தின் வடிவில் கால் ஒன்றை அறுத்து எடுத்தால், அதன் இரண்டு கைகளில் ஏதாவது ஒன்றில் நார் குறுக்காகத்தான் ஓடும். கொஞ்ச நாள் உட்கார்ந்தாலே அந்த மூலை பிளந்துவிடும். இதற்குத் தச்சர்களின் பழைய வழி, ஒரு கட்டையில் துளை போட்டு மற்றொன்றின் முனையை அதில் இறக்குவது. அப்படிப்பட்ட மூட்டு நெடுநாள் நிற்க வேண்டுமானால், சட்டம், குறுக்குக் கட்டை என்று துணைக்கு இன்னும் நாலு பேர் தேவை. சாதாரண ஸ்டூலின் அடியில் தெரியும் கட்டைக் கூட்டம் அதற்காகத்தான்.

இன்னொரு வழி, மரத்தையே வளைப்பது. 19-ம் நூற்றாண்டிலேயே மிக்கேல் தோனெட் பீச் மரத்தை நீராவியில் இளக்கி வளைத்து நாற்காலி செய்தார். அகலமான வளைவுகளுக்கு அது அருமையான முறை. செங்கோணத்துக்கு வளைக்கப் போனால் கணக்கு இடிக்கும். 3 செ.மீ. தடிமனுள்ள கட்டையை 7 செ.மீ. ஆரத்தில் வளைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்து நார் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக நீள வேண்டும். காய்ந்த மரமோ நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நீண்டாலே முறிந்துவிடும்.

மரச்சாமான் தொழிற்சாலை நடத்திய ஓட்டோ கொர்ஹோனனோடு சேர்ந்து ஆல்ட்டோ கண்டுபிடித்த வழி வேறு. நேரான பர்ச் மரக்கட்டையின் மேல்முனையில் மட்டும், நார் ஓடும் திசையிலேயே, ரம்பத்தால் வரிசையாகக் கீற்றுகள் போடுகிறார்கள். முனை ஏடு ஏடாகப் பிரிகிறது. கீற்றுகளுக்குள் வெனீர் எனும் மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவிச் செருகி, சூடும் ஈரமும் கொடுத்து, அச்சில் வைத்து 90 பாகைக்கு வளைக்கிறார்கள். தடித்த புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே, அதே கதைதான். முழுக் கட்டை வளைய மறுத்த இடத்தில், 3 மி.மீ. ஏடு வளைவதற்கு நூற்றில் இரண்டு பங்கு நீண்டால் போதும். பசை காய்ந்ததும் ஏடுகளுக்கு வழுக்க இடமில்லை. வளைவு அப்படியே நின்றுவிடுகிறது. நார் ஓட்டம் பாதத்திலிருந்து பலகையின் அடிவரை எங்கும் அறுபடுவதில்லை.

காலை முழுக்க முழுக்க ப்ளைவுட்டாகவே செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் வளைய வேண்டியது மேல்முனை மட்டும்தான். கீழே நேராக நிற்கும் பகுதி திட மரமாகவே இருந்தால் பசை மிச்சம், வேலை மிச்சம், பாதத்தைத் தேய்த்துச் சமன் செய்வதும் எளிது. தேவையான இடத்தில் மட்டும் உழைப்பைச் செலவிடுவது என்ற இந்தச் சிக்கனம்தான் ஸ்டூல் 60-ன் உண்மையான புத்திசாலித்தனம். அழகு அதன் உபரி.

இந்தக் காலை ஆல்ட்டோ ஸ்டூலுக்கான காலாக மட்டும் நினைக்கவில்லை. அளவை மாற்றி அதே காலை மேசைக்கும் நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் போட்டார். 1954-ல் வந்த விசிறி போல் விரியும் காலும் இதே குடும்பம்தான். அது பார்க்கப் பிரமாதம். ஆனால் செய்ய அதிக உழைப்பு வேண்டும், முதல் காலின் எளிமை அதில் இல்லை.

மூன்றா, நான்கா?

கால்களை எண்ணிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. நாற்காலிக்கும் முக்காலிக்கும் இடையில் ஒரு கால்தானே வித்தியாசம் என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று பாதமும் தரையைத் தொடும். நாலு கால் சாமானில் ஒரு பாதம் 2 மி.மீ. குறைந்தாலும் ‘டக் டக்’ என்று ஆடும். கீழே அட்டையை மடித்துச் செருக வேண்டியிருக்கும். மூன்று காலில் அந்தத் தொல்லையே கிடையாது. ஒரு கால் குறைந்தால் பலகை கொஞ்சம் சரிவாக நிற்கும், அவ்வளவுதான்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், சாய்வில். மூன்று பாதங்களையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பாரம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை ஸ்டூல் நிற்கும். கோட்டைத் தாண்டினால் கவிழும். இந்த ஸ்டூலில், இரண்டு கால்களுக்கு நடுவே அந்தக் கோடு மையத்திலிருந்து சுமார் 10 செ.மீ. தூரத்தில் போகிறது. பலகையின் விளிம்போ 17.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அதாவது விளிம்பையொட்டி 7 செ.மீ.க்கும் மேல் அந்தரத்தில் நிற்கிறது. ஆளில்லாத ஸ்டூலில், இரண்டு கால்களுக்கு நடுவே விளிம்பில் வைக்கும் பொருள் ஸ்டூலின் சொந்த எடையைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு இருந்தாலே போதும், கவிழ்ந்துவிடும். நிறைந்த பூந்தொட்டி, புத்தக அடுக்கு, எம்பிப் பிடிக்கும் குழந்தையின் கை எல்லாமே அந்த அளவைத் தாண்டும்.

நான்கு கால் வைத்தால் அதே கோடு 13 அல்லது 14 செ.மீ.க்குத் தள்ளிப் போகும். அதுதான் இ60. அதே பலகை, அதே கால், ஒன்று கூடுதல். பார்வைக்கு முக்காலியின் லாவகம் கொஞ்சம் குறையும். வீட்டில் தவழும் குழந்தையோ, எழும்போது பக்கத்தில் கையூன்றும் முதியவரோ இருந்தால் யோசிக்காமல் இ60-ஐ வாங்குங்கள். தரை சமமாக இருந்தால் அதில் வேறு குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்று காலில் உட்காருபவருக்கு ஒரு சின்ன உத்தி. ஒரு கால் நேர் பின்னால் இருக்கும்படி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள். முன்பக்கத்தை உங்கள் சொந்தக் கால்கள் பார்த்துக்கொள்ளும். பின்னால் சாய்ந்தால் அந்த ஒற்றைக் கால் தாங்கும். மாறாக, இரண்டு கால்களின் இடைவெளி முதுகுப்பக்கம் வந்தால், பின்னால் தாங்கும் தூரம் பாதியாகக் குறையும். எழும்போது கையைப் பலகையின் நடுவில் ஊன்றுங்கள், விளிம்பில் வேண்டாம். பல்பு மாற்ற இதன்மேல் ஏறவே வேண்டாம். மரம் தாங்கும், முக்கோணம் தாங்காது.

அடுக்கும்போது

கீழே உள்ள ஸ்டூலின் வட்டப் பலகை, மேலே வரும் ஸ்டூலின் கால்களுக்கு நடுவே அடங்க வேண்டும். அதற்காகத்தான் கால்கள் விளிம்புக்கு வெளியே நிற்கின்றன. முன்னே சொன்ன 3 செ.மீ. இங்கேதான் வேலை செய்கிறது. ஒன்றின் கால் இன்னொன்றின் காலில் மோதாமல் இருக்க, ஒவ்வொரு ஸ்டூலையும் ஒரு காலின் அகலத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். அடுக்கு வளர வளரச் சுழல்படிக்கட்டு போல உருவாகும். வீப்புரி நகர நூலகத்தின் சொற்பொழிவுக் கூடத்துக்கு இதுவே பொருத்தமான இருக்கையாக அமைந்தது. 1935-ல் திறந்த அந்தக் கட்டடமும் ஆல்ட்டோவுடையதுதான். ஊர் அன்று பின்லாந்தில் இருந்தது, இன்று ரஷ்யாவில் விபோர்க் என்ற பெயரில் இருக்கிறது.

அடுக்கியதை எடுக்கும்போது நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் காலின் உட்பக்கம் கீழ்ப் பலகையின் விளிம்பை உரசும். மணல் துகள் ஒன்று இடையில் இருந்தால் போதும், மரத்தின் மேல் பூசிய லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சில் கோடு விழும். தினமும் அடுக்கிப் பிரிக்கும் இடமென்றால் இடையிடையே மெல்லிய துணி வட்டம் ஒன்று போட்டுவிடுவது நல்லது.

பூட்டும் வேலையும் அவிழும் இடமும்

பலகையும் கால்களும் தனித்தனியாகப் பெட்டியில் வரும். தரையில் போர்வையை விரித்துப் பலகையைக் குப்புற வையுங்கள். மூன்று கால்களின் எல்லாத் திருகுகளையும் முதலில் கையால் பாதிவரை ஏற்றுங்கள். பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒரு காலை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், துளை சற்றே விலகியிருக்கும்போது திருகு கோணலாக ஏறும். கைத் திருப்புளியே போதும். மின் ட்ரில்லைப் பயன்படுத்துவதாக இருந்தால் விசையை மிகக் குறைவில் வையுங்கள். இறுகிய பிறகும் அது சுற்றிக்கொண்டிருந்தால் துளைக்குள் மரப்புரி மாவாகிவிடும், அதன்பின் திருகு ஒருநாளும் பிடிக்காது.

இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு ஈரக்காலம் மாறி வறண்ட காலம் வரும்போது ஒரு முறை திருகுகளை இறுக்கிப் பாருங்கள். காரணம் இருக்கிறது. குறுக்குக் கட்டை இல்லாததால் பக்கவாட்டு விசை முழுவதும் காலின் தலைப்பகுதிக்கே போகிறது. ஆள் உட்கார்ந்த நிலையில் ஸ்டூலை இழுத்தால், 40 செ.மீ. நீளமுள்ள கால் நெம்புகோலாக வேலை செய்யும், சில செ.மீ. தூரத்துக்குள் இருக்கும் திருகுகள் அதைத் தாங்க வேண்டும். பாதத்தில் கொடுக்கும் விசை திருகை அடையும்போது பல மடங்காகிவிடும். கூடவே, ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நாருக்குக் குறுக்கே வீங்கிச் சுருங்கும். அந்த இடத்தில் திருகு மெல்லத் தளரும். லேசாக ஆடத் தொடங்கிய ஸ்டூலை அன்றே இறுக்கினால் அரை நிமிட வேலை. ஆறு மாதம் ஆடவிட்டால் துளையே அகன்றுவிடும்.

அகன்ற துளைக்கு நீளத் திருகு போடுவது பலர் செய்யும் தவறு. முனை பலகையின் மேல்பக்கம் எட்டிப்பார்க்கும். திருகை எடுத்துவிட்டு, துளைக்குள் வெள்ளை மரப்பசை விட்டு, அதற்குப் பொருந்தும் கெட்டி மரக்குச்சியை அடித்து இறக்குங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, குச்சியைச் சமமாக அறுத்துவிட்டு, புதிய துளை போடுங்கள். 5 மி.மீ. திருகுக்கு 3 முதல் 3.5 மி.மீ. பிட் சரி. பிட்டில் ஆழத்தைக் குறிக்க ஒட்டும் நாடாவைச் சுற்றிக்கொண்டால் பலகை ஓட்டையாகாது.

வளைவில் ஏடு பிரிவது அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் சூடும் ஈரமும்தான் காரணமாக இருக்கும். ஹீட்டர் பக்கத்திலோ, குளியலறையிலோ நிரந்தரமாக வைத்தால் பசைக் கோடு விடும். வளைவின் பக்கவாட்டில் தெரியும் கோடுகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தாள் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. முளையிலேயே தெரிந்தால் மெல்லிய பசையைச் செலுத்தி கிளாம்ப் போட்டு ஒரு நாள் வைக்கலாம். கோடு வளைவு முழுக்க ஓடியிருந்தால் ஒட்டிப் பயனில்லை, காலையே மாற்ற வேண்டும்.

பாதம் தனிக் கதை. காலின் அடியில் இருப்பது மரத்தின் குறுக்குவெட்டு முகம். நுண்குழாய்கள் எல்லாம் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. ஈரத் துணியால் அடிக்கடி துடைக்கும் தரையில் அது நீரை உறிஞ்சும். சில மாதங்களில் பாதம் கறுத்து வீங்கும். வாங்கியதும் ஸ்டூலைக் கவிழ்த்து, மூன்று பாதத்திலும் லாக்கரோ மெழுகோ இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். தரையில் கீறல் விழாமல் இருக்கப் பலரும் ஒட்டும் கம்பளி வட்டம் ஈரத் தரைக்குச் சரிவராது. அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே நைலான் குமிழ் போடுவதே மேல். மர விரிப்புத் தரையென்றால் கம்பளி போடலாம்.

எந்த மேற்பரப்பு?

லாக்கர் பூசிய பர்ச் பலகை, லினோலியம், லேமினேட் என மேற்பரப்புகள் கிடைக்கின்றன. பர்ச் வெளிர் நிறத்தில் தொடங்கி, வெளிச்சம் பட்டுப் பட்டு ஆண்டுக்கணக்கில் தேன் நிறத்துக்கு வரும். முதல் வருடம் அதன்மேல் விளக்கையோ தொட்டியையோ ஒரே இடத்தில் வைத்திருந்தால், எடுக்கும்போது வெளுத்த வட்டம் தெரியும். அடிக்கடி இடம் மாற்றி வையுங்கள். சூடான பாத்திரம் வைத்தால் லாக்கரில் வெண்மைத் தடம் விழும்.

லினோலியம் கைக்கு மென்மையானது, சத்தம் எழுப்பாது, உட்கார்ந்தால் குளிராது. ஆனால் அது ஆளி விதை எண்ணெயில் ஆனது என்பதை மறக்கக் கூடாது. சோடா, அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் அந்த எண்ணெயைச் சோப்பாக மாற்றி மேற்பரப்பைச் சிதைத்துவிடும். நடுநிலையான சோப்பு நீரும் பிழிந்த துணியும் போதும். பெட்டியில் இருட்டில் இருந்து வந்த லினோலியம் மஞ்சள் பூத்துத் தெரிந்தால் பதற வேண்டாம், சில நாள் வெளிச்சத்தில் இருந்தால் போய்விடும். சமையலறைக்கும் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் மூலைக்கும் லேமினேட்தான் நல்லது. விளிம்பில் மட்டும் நீர் தேங்கவிடாதீர்கள்.

2023-ல், வடிவமைத்து 90 ஆண்டு ஆனதையொட்டி, வில்லி என்ற பதிப்பு வந்தது. பின்னிஷ் மொழியில் ‘காட்டுத்தனமான’ என்று பொருள். கணுவும் பூச்சி போன தடமும் நிறக் கோடும் உள்ள மரத்தை முன்பெல்லாம் கழித்துவிடுவார்கள். இதில் அதை அப்படியே பயன்படுத்துகிறார்கள். ஒரே மாதிரி வெளுத்த பலகையைவிட இது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. கறைபட்டாலும் கறை தெரியாது என்பது கூடுதல் லாபம்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

44 செ.மீ. என்பது சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை உயரத்தை ஒட்டியது. 72 முதல் 75 செ.மீ. உயர மேசையில் கூடுதலாக வரும் விருந்தாளிக்குக் கச்சிதம். சோபாவுக்குப் பக்கத்தில் சிறு மேசையாகவும் சரியான உயரம். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால், தடித்த மெத்தை உள்ள கட்டிலாக இருந்தால் ஒரு சாண் தாழ்ந்து நிற்கும்; தூக்கக் கலக்கத்தில் தண்ணீர்க் குவளையைத் தேடும் கைக்கு அது தொந்தரவு. முதுகுச் சாய்வு இல்லாததால் மணிக்கணக்கில் கணினி முன் உட்கார இது ஆகாது. அரை மணி நேரம் என்பதே நேர்மையான அளவு.

பிரதிகளைப் பற்றி

1933-லிருந்து இதைப் பார்த்துச் செய்தவர்கள் எண்ணில் அடங்கார். இக்கியாவின் ஃப்ரோஸ்டா அவற்றில் பரவலாகத் தெரிந்தது; அதில் நாலு கால், கால் முழுவதும் ஏடு ஏடாக ஒட்டியது. பிரித்தறிவது சுலபம். காலின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒட்டுக் கோடுகள் வளைவில் மட்டும் இருந்து, கீழே திட மரத்தில் மறைந்துபோனால் அது ஆல்ட்டோவின் முறை. பாதம்வரை கோடுகள் ஓடினால் ப்ளைவுட் கால். ப்ளைவுட் என்பதாலேயே மட்டமில்லை, நன்றாக ஒட்டியிருந்தால் நெடுநாள் உழைக்கும். ஒதுக்க வேண்டியவை, வளைவே இல்லாமல் மூலையில் இரண்டு துண்டுகளை ஒட்டி வர்ணத்தால் மறைத்தவை. பலகையைப் பிடித்து இடமும் வலமும் முறுக்கிப் பார்த்தால் அந்த மூலை கிறீச்சிடும்.

பழைய அசல் ஸ்டூல்களும் சந்தையில் கிடைக்கும். ஆர்டெக்கே பழையதை வாங்கி மறுபடி விற்கிறது. தேய்ந்த பலகையைக் குறையாக எண்ண வேண்டாம். கவிழ்த்து, திருகுத் துளைகளைச் சுற்றிப் புதுப் பசையோ நிரப்பிய மரமோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தக் காலைப் பிடித்து அசையுங்கள். மூன்று கால்களில் இரண்டு தேன் நிறத்திலும் ஒன்று மட்டும் வெளுத்தும் இருந்தால் அது பிற்பாடு மாற்றிய கால். அதன் நீளத்தை மற்றவற்றோடு அளந்து பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். முக்காலி ஆடாது என்பதால் குறைந்த கால் உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாது. ஸ்டூலைச் சமமான தரையில் நிறுத்தி, ஒரு கோலிக்குண்டைப் பலகையில் வைத்துப் பாருங்கள், அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் கால்தான் குட்டை.